பின்னால் ஆளில்லாத இயந்திரம்

நான் திரையரங்குப் புரொஜக்டர்களைப் பராமரிப்பவன். திரையரங்கு ஒன்றின் உரிமையாளர் தம் பழைய புரொஜக்டரைப் பற்றி என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். “ஏனுங் தம்பி, இந்த மெஷினை நம்பி இன்னும் ரண்டு வருசம் ஓட்டலாங்களா?” நான் சொன்ன பதிலும் ஒரே வரிதான். “மெஷினை நம்பலாமுங்க அண்ணா. ஆனா அதுக்குப் பின்னால இப்ப ஆளில்லீங்க.” அந்தப் பதிலைக் கேட்டபின் அவர் பாங்கில் கடன் வாங்கிப் புதிய லேசர் புரொஜக்டர் போட்டார். கழற்றிய பழைய புரொஜக்டரைக் கரூர்ப் பக்கத்துத் திரையரங்கு ஒன்றுக்குச் சொற்ப விலைக்குக் கொடுத்தார். அது இன்றும் தினசரிக் காட்சிகளை ஓட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பராமரிப்பு பார்க்கப் போகிறவனும் நானே. ஒவ்வொரு முறை அதன் பக்கக் கதவைத் திறக்கும்போதும் அந்த ஒரு வரிப் பதிலை மறுபடியும் எடைபோட்டுப் பார்க்கிறேன்.

நான் பதில் சொன்ன சூழலை முதலில் விளக்க வேண்டும். அது செனான் வாயு அடைத்த லேம்ப் போட்ட 2கே டி.எல்.பி. புரொஜக்டர், அதாவது நுண்ணிய கண்ணாடிகள் பதித்த சில்லால் படத்தைத் திரையில் காட்டும் டிஜிட்டல் வகை. பல்லடம் வட்டாரத்து விசைத்தறிகளுக்கு நடுவே இருக்கும் திரையரங்கு அது என்பதால், எந்நேரமும் காற்றில் பஞ்சுத் தூசி மிதக்கும். காற்று வடிகட்டியை உருவி வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு பக்கம் முழுக்கக் கம்பளி போர்த்தியதுபோல் சாம்பல் நிறத்தில் பஞ்சு படிந்திருக்கும். அங்கிருந்த ஆபரேட்டர் வாரம் தவறாமல் அதைக் கழற்றி, வெளியே கொண்டுபோய், பிரஷால் தட்டி, உள்ளிருந்து வெளிப்பக்கமாகக் காற்றடித்து, நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுவார். வெளிப்பக்கமிருந்து அடித்தால் பஞ்சு இன்னும் ஆழமாக இறங்கிவிடும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, அவரே கண்டுகொண்டது. அவர் கை பட்ட அந்த இயந்திரத்தின் ஒளிப்பகுதி, வயதுக்கு மீறிச் சுத்தமாக இருந்தது. ஆகவே இயந்திரத்தை நம்பலாம் என்று நான் சொன்னது வாய்க்கு வந்த சொல்லன்று.

கோளாறு வேறிடத்தில் இருந்தது. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை இருண்டு, ஒலி மட்டும் தொடரும். அணைத்துச் சற்று ஆறவிட்டுப் போட்டால் படம் வந்துவிடும். சூடேறிய பின்தான் இது நடந்தது என்பதால் படத்தைத் திரைக்குத் தயார்செய்யும் மின்சுற்றுப் பலகையான படச் செயலிப் போர்டின் மேல் சந்தேகம் விழுந்தது. தொடுமுனைகளைத் துடைத்து மாட்டியதில் சில வாரங்கள் தாங்கியது. பிறகு, பண்டிகைப் படத்தின் மாலைக் காட்சியில், அரங்கு நிறைந்திருக்கும்போது மறுபடியும் இருண்டது. மூடப்பட்ட வேறொரு திரையரங்கின் அதே மாடல் புரொஜக்டரிலிருந்து எடுத்த போர்டு எங்கள் அலுவலகத்தில் இருந்தது. அதைப் போட்டேன், சரியாகிவிட்டது. புதிய போர்டு கேட்டுப் புரொஜக்டர் தயாரிப்பாளருக்கு எழுதியதற்கு, அந்த மாடலுக்கான ஆதரவு முடிந்துவிட்டது, உதிரிபாகம் இல்லை, புதிய மாடலுக்கு மாறிக்கொள்ளும்படி பரிந்துரைக்கிறோம் என்று பதில் வந்தது. அந்தப் பதிலை உரிமையாளரிடம் காட்டியபோதுதான், புரொஜக்டர் இருக்கும் கேபின் வாசலில் நின்றபடி அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

கொங்கு நாட்டில் வளர்ந்த ஒருவருக்கு ‘உதிரிபாகம் இல்லை’ என்ற சொல் எளிதில் பிடிபடாது. மோட்டார் எரிந்தால் காயில் கட்டுவதும், பம்பு தேய்ந்தால் வார்ப்படம் ஊற்றிக் கடைந்து போடுவதும் இங்கே அன்றாடம். 1905இல் ரயில்வே ஊழியராக இருந்த கோவைக்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட், உடல்நலம் கெட்டு ஊர் திரும்பவிருந்த டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜக்டரையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். விற்றவர் கடல் கடந்து போய்விட்டார். வாங்கியவர் தாமே இயக்கி ஊர் ஊராகப் படம் காட்டி, 1914இல் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். இந்த ஊரில் சினிமா தொடங்கியதே பின்னால் ஆளில்லாத இயந்திரத்தில்தான். ஃபிலிம் காலத்திலும் அதே கதைதான். 35 எம்.எம். சுருளில் ஒரு ஃப்ரேமுக்கு நான்கு துளைகள். நொடிக்கு 24 ஃப்ரேம்கள். அந்தத் துளைகளில் சரியாகப் பொருந்தும் பல்சக்கரம் தேய்ந்துவிட்டால், வேலையில் எனக்கு மூத்தவர் பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு கோவை கணபதிப் பகுதியில் ஒரு லேத் பட்டறைக்குப் போவார். அளவு சரியாக இருந்தால் போதும், சக்கரம் வேலை செய்யும். யார் கடைந்தது என்று புரொஜக்டர் கேட்காது.

டிஜிட்டல் புரொஜக்டர் அதைக் கேட்கிறது. ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் சேர்ந்து அமைத்த டி.சி.ஐ. (டிஜிட்டல் சினிமா இனிஷியேட்டிவ்ஸ்) என்ற அமைப்பு 2005இல் வெளியிட்ட விதிமுறைப்படி, படம் பூட்டப்பட்டே திரையரங்குக்கு வருகிறது. அந்தப் பூட்டைத் திறக்கும் டிஜிட்டல் சாவி, படத்தை ஓட்டும் குறிப்பிட்ட ஒரு சர்வருக்கு மட்டும், குறிப்பிட்ட நாள்களுக்கு மட்டும் செல்லும். படத்தைத் திறக்கும் மீடியா பிளாக்கும் புரொஜக்டரும் ஒன்றையொன்று அடையாளம் கண்டு இணைந்திருக்க வேண்டும். ஒன்றை மாற்றினால் ஆள் நேரில் நின்று மறுபடியும் இணைக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட உறையைத் திறக்க முயன்றால் உள்ளிருக்கும் ரகசியச் சாவி தானே அழிந்துவிடும். உள்ளே இருக்கும் பேட்டரி உரிய காலத்தில் மாற்றப்படாமல் தீர்ந்தாலும், அந்தக் கருவியை அசல் என்று அடையாளம் காட்டும் டிஜிட்டல் சான்றிதழ் போய்விடும். போர்டில் ஒரு பாகம்கூடக் கெட்டிருக்காது, ஆனாலும் படம் வராது. அந்தச் சான்றிதழைத் திரும்ப எழுத உரிமை உள்ளவர் கருவியின் தயாரிப்பாளர் மட்டுமே. கணபதியில் எவ்வளவு கைதேர்ந்தவர் இருந்தாலும் இதில் செய்வதற்கு ஒன்றுமில்லை. படத்தைத் திருடர்களிடமிருந்து காக்க இந்த ஏற்பாடு தேவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், ஓர் இயந்திரத்தின் ஆயுளை அதன் இரும்போ கண்ணாடியோ தீர்மானிக்காமல், தொலைவில் உள்ள ஓர் அலுவலகத்தின் விருப்பம் தீர்மானிக்கும் நிலையை இது உண்டாக்கிவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தயாரிப்பாளரை மட்டும் குறை சொல்வதும் முழு நியாயம் ஆகாது. பார்கோ, கிறிஸ்டி, என்.இ.சி. என்று பெயர்கள் வேறானாலும், இவர்களுடைய டி.எல்.பி. புரொஜக்டர்களின் நெஞ்சாக இருக்கும் கண்ணாடிச் சில்லு டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸிடமிருந்து வருவது. அடிப்படைப் பாகங்களின் தலைமுறை மாறும்போது பழைய போர்டுகளைத் தொடர்ந்து செய்து தருவது யாருக்கும் கடினம். தயாரிப்பாளரே விலகிவிடுவதும் உண்டு. வேறு வகைச் சில்லை வைத்துப் புரொஜக்டர் செய்துவந்த சோனி, 2020இல் திரையரங்குப் புரொஜக்டர் தயாரிப்பை நிறுத்திக்கொண்டது. இவையெல்லாம் எனக்குத் தெரிந்திருந்ததால்தான் அந்தப் பதிலைச் சொன்னேன். நான் போட்ட போர்டும் அதே வயதுடையது. அதற்கு மாற்று அலுவலகத்தில் இல்லை. அடுத்த பண்டிகைப் படத்தில் அது நின்றிருந்தால், டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதும் கூட்டத்தின் ஏச்சைக் கேட்பதும் அவர் தலையில் விழுந்திருக்கும். தனித்திரையரங்கு ஒன்றில் வெள்ளி, சனி, ஞாயிறு போய்விட்டால் அந்தப் படத்தின் வசூலே போய்விட்டது என்று பொருள். இந்தக் கோணத்தில் பார்த்தால் நான் சொன்னதில் பிழையில்லை.

ஆனால் அவர் கேட்டது இரண்டு வருடத்தைப் பற்றி. நான் பதில் சொன்னது கால வரையறையே இல்லாத ஒன்றைப் பற்றி. அந்தப் போர்டு இரண்டு வருடம் தாங்குமா என்று கேட்டதற்கு, ‘தாங்க வாய்ப்பு உண்டு, அதற்குள் மூடிய திரையரங்குகளிலிருந்து இன்னொரு போர்டு தேடி வைக்கிறேன்’ என்றும் நேர்மையாகச் சொல்லியிருக்க முடியும். கரூர்க்காரர் செய்தது அதைத்தான். அவர் என்னைக் கேட்கவில்லை. அதே மாடலில் இன்னொரு செத்த புரொஜக்டரையும் சேர்த்து வாங்கி, கேபினின் பின்புறம் வைத்துக்கொண்டார். அவருக்கு ஆதரவு தருவது அந்தச் செத்த புரொஜக்டர்தான். அது ஓடுவதால் என் கணிப்பு தவறு என்று ஆகாது. ஓர் இயந்திரம் ஓடியதை வைத்து எதையும் நிறுவ முடியாது. நாளைக்கே நிற்கலாம். இந்த வாதம் சரி என்று எனக்குத் தெரிகிறது. இருந்தும் அது என்னைச் சமாதானப்படுத்தவில்லை.

காரணம் இன்னொன்று. நான் வேலை பார்க்கும் நிறுவனம் பராமரிப்பு ஒப்பந்தம் மட்டும் செய்வதில்லை. புதிய புரொஜக்டர்களை விற்கவும் செய்கிறது. அந்த விற்பனையில் எனக்கு ஒரு பைசாவும் வரவில்லை. ஆனால், பழையதை ஓட்டிக்கொள்ளலாம் என்று சொல்லி அது நின்றால் கேள்வி என்னிடம் வரும். புதியதை வாங்கச் சொன்னால் அதன்பின் எல்லாக் கேள்வியும் தயாரிப்பாளரிடம் போகும். பொறுப்பை யார் தோளில் வைப்பது என்ற கணக்கு அந்த நொடியில் என் மனத்தில் ஓடவில்லை என்று என்னால் உறுதி சொல்ல இயலவில்லை. ஓடியது என்றும் சொல்ல இயலவில்லை. உரிமையாளர் அந்தக் கேள்வியை நிறுவனத்தின் ஆளிடம் கேட்டாரா, தம் இயந்திரத்தைப் பல வருடமாகத் தொட்டவனிடம் கேட்டாரா என்பதை நினைத்தால் விடை தெளிவாக இருக்கிறது. அவர் ‘தம்பி’ என்று அழைத்தது நிறுவனத்தை அன்று.

புதிய லேசர் புரொஜக்டர் நல்ல இயந்திரம். செனான் லேம்ப் குளிர்ந்த நிலையிலும் உள்ளே அழுத்தத்துடனே இருக்கும் என்பதால் முகக்கவசமும் தடித்த கையுறையும் இல்லாமல் அதைத் தொடக்கூடாது. அந்த ஆபத்து ஆபரேட்டருக்கு இப்போது இல்லை. லேம்ப் மாற்றும் செலவும் இல்லை. திரையின் நடுவில் சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா என்ற, திரையரங்குகளுக்கான தர அளவில் வெளிச்சம் நிற்கிறது. ஆனால் முதல் கோடையிலேயே குளிர்விக்கும் பகுதியில் பிழை காட்டி அது நின்றது. தயாரிப்பாளரின் ஆதரவுக் குழு இணையம் வழியாகப் பதிவுகளைப் பார்த்து, எந்தப் பாகம் என்று அன்றே சொல்லிவிட்டது. நான் விலை கொடுத்து வாங்கச் சொன்ன ஆதரவு அதுவே, குறை சொல்ல இடமில்லை. பாகம் வந்து சேரும்வரை அரங்கு மூடிக் கிடந்தது. பழைய இயந்திரமாக இருந்தால் எங்கிருந்தாவது ஒன்றைக் கழற்றி வந்து அன்றிரவே ஓட்டியிருப்பேன். உரிமையாளர் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை. “இதுக்குப் பின்னால ஆளிருக்காங்கதானே, வரட்டுமுங்” என்றார். என் சொல்லையே அவர் ஆறுதலாகப் பிடித்துக்கொண்டிருந்தது எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

இப்போது அவர் இரண்டாவது திரை ஒன்றைக் கட்டுகிறார். அதற்கும் என்னையே கேட்கிறார். இந்த முறை பதில் சொல்லும் முன், உத்தரவாதக் காலம் முடிந்தபின் எத்தனை வருடம் உதிரிபாகம் தருவீர்கள், நிறுத்துவதாக இருந்தால் எவ்வளவு முன்னதாகச் சொல்வீர்கள், அப்போது சான்றிதழ் தொடர்பான வேலையை யார் செய்வார்கள் என்று தயாரிப்பாளருக்கு எழுத்தில் கேட்டிருக்கிறேன். உத்தரவாத விதிகள் அடங்கிய நீண்ட பதில் வந்தது. முதல் வருடங்களில் எதற்கெல்லாம் பொறுப்பு என்பது அதில் தெளிவாக இருந்தது. நான் கேட்ட மூன்றில் எதற்கும் அதில் விடை இல்லை. மறுபடியும் எழுதியிருக்கிறேன், விடை வரும்வரை விலைப்பட்டியலை அவரிடம் கொடுக்க வேண்டாம் என்று அலுவலகத்திலும் சொல்லியிருக்கிறேன்.