கன்ட்ரோல் கிளிக்கும் பேக் பட்டனும்

துணி வாங்கும் தளம் ஒன்றில் கன்ட்ரோலை அழுத்தி லிங்க்கைத் தட்டினால் புது டேப் வரவில்லை, இருந்த பக்கமே போய்விடுகிறது. எரிச்சல்! பக்கத்தை ரீலோட் செய்யாமல் ஜாவாஸ்கிரிப்டாலேயே திரையை மாற்றுவதற்காகக் கிளிக்கைப் பிடித்து பிரிவென்ட்டிஃபால்ட் (பிரவுசர் வழக்கமாகச் செய்வதை நிறுத்தும் கட்டளை) போடுகிறவர்கள் முதலில் கன்ட்ரோல், ஷிஃப்ட், மேக்கில் கமாண்ட் அழுத்தியிருக்கிறதா, லிங்க் வேறு தளத்துக்கா, டவுன்லோடா என்று பாருங்கள். ஆமென்றால் பிரவுசரிடமே விட்டுவிடுங்கள்.

அப்புறம் ஹிஸ்டரி. விலை ஸ்லைடரை இழுக்க இழுக்க புஷ்ஸ்டேட் (ஹிஸ்டரியில் புது என்ட்ரி சேர்க்கும் கட்டளை) போட்டால், பேக் பட்டனை எத்தனை தடவை தட்டினாலும் அதே பக்கத்தில் சுற்ற வேண்டியதுதான். அங்கே இருக்கிற என்ட்ரியையே மாற்றும் ரீப்ளேஸ்ஸ்டேட் போதும். இன்னொன்று, புஷ்ஸ்டேட்டை அழைத்தால், ஹிஸ்டரியில் இடம் மாறியதைச் சொல்லும் பாப்ஸ்டேட் நிகழ்வு வராது; பேக், ஃபார்வர்டு தட்டும்போது வரும். அதனால் திரையை மாற்றும் ஃபங்ஷனை புஷ்ஸ்டேட் போட்ட பிறகும், பாப்ஸ்டேட் வரும்போதும் நாமே கூப்பிட வேண்டும்.

டிவ் என்ற வெறும் பெட்டியில் ஆன்கிளிக் (தட்டினால் ஓடும் கோட்) வைத்து அதை லிங்க் என்பவர்களைத் தனிப் பதிவில் திட்டுகிறேன்.