கோன் தாங்கிக்கு பேட்டன்ட் வாங்கிய கதை

ஐஸ்கிரீம் கோனை ஒழுகாமல் பிடிக்க ஒரு தாங்கி. "இதுக்கெல்லாமா பேட்டன்ட் குடுக்குறாங்க?" என்று கேட்டவர்கள்தான் அதிகம். கொடுக்கிறார்கள். ஆனால் நாம் மேசையில் வைத்துப் பெருமையாகக் காட்டுகிற முழுப் பொருளுக்கு இல்லை. அதற்குள் இதுவரை யாரும் சொல்லாத துண்டு ஒன்று இருந்தால், அந்தத் துண்டுக்கு மட்டும். எனக்கு அந்தத் துண்டைத் தேடுவதில்தான் பெரும்பாடு. படிவமும் கட்டணமும் அதற்கப்புறம் வருகிற சில்லறை வேலை.

மதுரை கப்பலூர் சிட்கோவில் சின்னதாக ரப்பர் மோல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். வண்டிகளுக்கான புஷ், கேஸ்கெட் தான் பிழைப்பு. சிலிகோனும் ஓட்டுவோம். மச்சான் ஐஸ்கிரீம் கடை நடத்துகிறார். சித்திரை வெயிலில் கோன் வாங்கிக்கொண்டு கடையை விட்டு இறங்குகிறவர்கள் வண்டிக்குப் போய்ச் சேர்வதற்குள் முழங்கை வரை வழிந்துவிடும். "மச்சான், மேல வழியறதைக்கூட நக்கிக்கிறாங்க. அடியில ஓட்டை விழுந்து சட்டையில ஊத்துறதுக்குத்தான் சண்டைக்கு வர்றாங்க" என்றார். அதோடு, நாலு கோனை ஒரே ஆள் எப்படித் தூக்கிப் போவது என்ற பிரச்சினையும் இருந்தது.

கோன் இரண்டு இடத்தில் ஒழுகும். விளிம்பைத் தாண்டி வெளியே வழிவது ஒன்று. உள்ளுக்குள்ளேயே இறங்கி, நுனியில் வேஃபரை ஊறவைத்துக் கீழே சொட்டுவது இன்னொன்று. இரண்டாவதற்கு நேப்பிள்ஸில் ஸ்பிகா என்ற நிறுவனம் 1959லேயே வழி கண்டுவிட்டது: கோனின் உட்புறம் எண்ணெய், சர்க்கரை, சாக்லேட் சேர்ந்த பூச்சு. அதுதான் பின்னாளில் யூனிலீவர் வாங்கிய கார்னெட்டோ. ஆனால் அது தொழிற்சாலையில் அடைத்து வருகிற கோனுக்குச் சரி. கடையில் அப்போதைக்கப்போது அள்ளி வைக்கிற கோனுக்குக் காகித உறைதான், அதுவும் ஊறி நைந்துவிடும்.

முதலில் நான் செய்தது சாதாரணக் கிண்ணம். மேலே அகன்ற விளிம்பு, கீழே தட்டையான அடி, பக்கவாட்டில் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் காது. நாலைக் கோத்தால் ஒரு கையில் தூக்கலாம். எனக்குப் பெரிய திருப்தி.

தேட உட்கார்ந்ததும் திருப்தி போனது. கூகுள் பேட்டன்ட்ஸ், ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட், நம் காப்புரிமை அலுவலகத்தின் தேடுதளம் மூன்றும் இலவசம். ஒரே ஒரு எச்சரிக்கை: சொல்லைப் போட்டுத் தேடினால் பாதிதான் கிடைக்கும். ஒருவர் ட்ரிப் கார்ட் (சொட்டுத் தடுப்பு) என்பார், இன்னொருவர் கன்ஃபெக்‌ஷன் ஹோல்டர் என்பார், மூன்றாமவர் ஐஸ்கிரீம் என்ற சொல்லே வராமல் எழுதியிருப்பார். என்ன பொருள் என்று பார்த்து ஒவ்வொரு பேட்டன்டுக்கும் தருகிற வகைப்பாட்டு எண்ணைப் பிடித்துப் போக வேண்டும். கோன், குச்சி போன்ற தாங்கிகளோடு வரும் ஐஸ்கிரீமுக்கு ஏ23ஜி 9/50. ஐஸ்கிரீமை வைக்கும் கொள்கலன்களுக்கு பி65டி 85/78. இந்த இரண்டு வாசலில் நுழைந்தால் வெளியே வர மனம் வராது.

1902இல் மான்செஸ்டரின் அன்டோனியோ வால்வோனா ஐஸ்கிரீமுக்கான பிஸ்கட் கிண்ணம் சுடும் கருவிக்கு உரிமை வாங்கியிருக்கிறார். 1903 டிசம்பரில் நியூயார்க்கில் இட்டாலோ மார்ச்சியோனி அதேபோன்ற அச்சுக்கு, அமெரிக்க பேட்டன்ட் எண் 746,971. செயின்ட் லூயிஸ் கண்காட்சியில் 1904இல்தான் கோன் பிறந்தது என்று சொல்வார்களே, அதற்கு முன்பே காகிதம் பதிவாகியிருக்கிறது. சொட்டு பிடிக்கும் தட்டு, கழற்றி மாட்டும் விளிம்பு, அடியில் குழி வைத்த பிளாஸ்டிக் கூம்பு என்று அடுத்தடுத்த தலைமுறைகள் வரிசையாக வரைந்து வைத்திருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்தது 1999இல் ரிச்சர்ட் ஹார்ட்மன் வாங்கிய அமெரிக்க பேட்டன்ட், எண் 5,971,829. பேட்டரியில் ஓடும் கோன் அது. நாம் நாக்கை நீட்டினால் போதும், கிண்ணம் தானே சுழன்று ஐஸ்கிரீமை ஊட்டும். "நீட்டிய நாக்கு" என்பதையும் சட்ட மொழியில் அப்படியே எழுதியிருக்கிறார்கள். சிரித்துவிட்டு, அந்த ஆள் எவ்வளவு கச்சிதமாக எழுதியிருக்கிறார் என்று மறுபடி படித்தேன்.

இவற்றில் பெரும்பாலானவை காலாவதி ஆனவை. இங்கே பலர் குழம்புகிறார்கள். காலாவதியான பேட்டன்டில் உள்ளதை யாரும் செய்து விற்கலாம், ஆனால் அதையே புதிது என்று யாரும் கோர முடியாது. உயிர் போன காகிதமும் நம் வழியை மறிக்கும். அந்தக் கணக்கில் என் விளிம்பு போயிற்று, தட்டை அடி போயிற்று.

மிஞ்சியது என் மனைவி சொன்னது. சோதனைக்குச் செய்த கிண்ணங்களைக் கழுவியவர் அவர்தான். "ஏங்க, ஒழுகினதெல்லாம் அடியிலதானே நிக்குது? கோன் நுனியும் அதே குட்டையிலதானே ஊறுது? இட்லிப் பானையில தட்டு தண்ணியில முட்டாம நிக்கிற மாதிரி நுனியைக் கொஞ்சம் தூக்கி வைக்கக் கூடாதா?" அடியில் சிலுவை வடிவில் ஒரு மேடை எழுப்பினோம். உட்சுவரில் மேலிருந்து கீழாக மெல்லிய வரிகள் விட்டோம். வரிகள் கோனைச் சுவரோடு ஒட்டவிடாது. வழிகிறது இடுக்கில் இறங்கி மேடையைச் சுற்றித் தேங்கும், நுனி மேலே காய்ந்தபடி இருக்கும். பழைய ஆவணங்களில் மேடை தனியாக இருந்தது, வரி தனியாக இருந்தது. இரண்டும் சேர்ந்து இந்த வேலையைச் செய்வதாக எதிலும் காணவில்லை.

அவர் யோசனை என்பதால் கண்டுபிடிப்பாளர்களில் ஒருவராக அவர் பெயரும் சேர வேண்டும், அது மரியாதைக்காக அல்ல, சட்டப்படி. அவரையே விண்ணப்பதாரராகவும் சேர்த்ததில் ஒரு நன்மை கிடைத்தது. தனிநபர் விண்ணப்பத்தில் ஒருவராவது பெண்ணாக இருந்தால் 18ஏ படிவத்தில் விரைவு ஆய்வு கேட்கலாம். 8,000 ரூபாய், கூடவே முன்கூட்டியே வெளியிடக் கோரும் 9ஆம் படிவத்துக்கு 2,500. அவசரமில்லாதவர்களுக்குச் சாதாரண ஆய்வு கேட்கும் 18ஆம் படிவம் 4,000 ரூபாய்தான். அதை 48 மாதத்துக்குள் கேட்கலாம் என்று இருந்தது, 2024 மார்ச்சுக்குப் பிறகு தாக்கல் செய்கிறவர்களுக்கு 31 மாதம்.

கடையில் ஒரு வாடிக்கையாளர் கையில் கொடுக்கும் முன், முழு விவரம் எழுதுவதற்கு முன்பே தேதியைப் பிடித்துவைக்கும் தற்காலிக விண்ணப்பம் போட்டுவிட்டோம். வெளியே காட்டியபின் போட்டால் புதுமை போய்விடும். தனிநபருக்கு இணையவழிக் கட்டணம் 1,600 ரூபாய். டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வேண்டும், அதை வாங்கிக் கணினியில் வேலை செய்யவைப்பதற்குள் ஒரு டையே (வார்ப்பு அச்சே) வெட்டிவிடலாம். ஆவணங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோதான் இருக்க வேண்டும், தமிழில் கொடுக்க வழியில்லை. நம் ஊர் விண்ணப்பங்கள் கிண்டி ஜி.எஸ்.டி. சாலை அலுவலகத்தின் எல்லைக்குள் வரும். விண்ணப்ப எண்ணில் ஆண்டை அடுத்து வருகிற 4 சென்னையைக் குறிக்கும்.

தற்காலிக விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து 12 மாதம் கையில் இருக்கிறது, அதற்குள் கண்டுபிடிப்பை முழுதாக விளக்கும் முழு விவரக்குறிப்பைக் கொடுக்க வேண்டும். அந்த இடைவெளியைத்தான் கடையில் சோதிக்கப் பயன்படுத்தினோம். உணவுக்கான சிலிகோன் என்பதால் ப்ரெஸ்ஸில் இருந்து எடுத்ததும் விட்டுவிடக் கூடாது, 200 டிகிரி அடுப்பில் 4 மணி நேரம் போஸ்ட் க்யூரிங். இல்லாவிட்டால் வெனிலாவில் பட்டறை வாசனை வரும்.

க்ளெய்ம், அதாவது எதற்கு உரிமை கோருகிறோம் என்று வரையறுக்கிற பகுதி, அதை எழுத மட்டும் பேட்டன்ட் ஏஜென்ட் வைத்துக்கொண்டோம். சட்டப்படி கட்டாயமில்லை. அரசுக் கட்டணங்களைவிட அவர் கட்டணம் பல மடங்கு, கொடுத்ததில் வருத்தமில்லை. நான் எழுதிப்போனதைப் படித்துவிட்டு, "சார், 'வசதியா பிடிக்கலாம்'னு எழுதாதீங்க. எந்த பாகம் எங்க இருக்கு, எதோட சேர்ந்திருக்கு, அதனால என்ன நடக்குது, அவ்வளவுதான்" என்றார். ஒரு க்ளெய்ம் என்றால் ஒரே வாக்கியம், எவ்வளவு நீண்டாலும். மேடையின் உயரம் தேங்கும் திரவத்தின் மட்டத்தைவிட மேலே என்ற ஒரு நிபந்தனையை அதில் நுழைக்க ஒரு மாலை முழுக்கப் பேசினோம். தோற்றத்துக்குத் தனியாக 1,000 ரூபாய் கட்டி டிசைன் பதிவும் போட்டோம், அது கொல்கத்தா அலுவலகத்தின் வேலை. டிசைன் கண்ணுக்குத் தெரிகிற வடிவத்தைத்தான் காக்கும், வேலை செய்யும் விதத்தைக் காக்காது.

காப்புரிமை அலுவலகத்திலிருந்து முதல் ஆய்வு அறிக்கை, அதாவது ஆட்சேபங்களின் பட்டியல், வந்தது. நான் எதிர்பார்த்த பழைய கிண்ணங்களோடு, சட்டத்தின் 3(எஃப்) பிரிவும் இருந்தது: தெரிந்த பொருள்கள் தங்கள் தங்கள் வேலையைத் தனித்தனியே செய்யும்படி சும்மா அடுக்கினால் அது கண்டுபிடிப்பு ஆகாது. க்ளெய்மில் சேர்த்திருந்த, கோத்துக்கொள்ளும் காதைத்தான் சுட்டியிருந்தார்கள். யோசித்தால் நியாயம்தான். நாலைச் சேர்த்துத் தூக்குவது ஒரு வேலை, நுனியைக் காயவைப்பது வேறு வேலை, ஒன்றுக்கொன்று உதவவில்லை. பதில் சொல்ல 6 மாதம் உண்டு. காதை க்ளெய்மிலிருந்து எடுத்தோம். குறைக்கலாம், புதிதாக எதையும் சேர்க்க முடியாது. வரி இல்லாமல் மேடை மட்டும் வைத்தால் திரவம் இறங்காமல் மேலேயே வழிகிறது, மேடை இல்லாமல் வரி மட்டும் வைத்தால் நுனி ஊறுகிறது என்பதைப் படங்களோடு காட்டினோம். பிறகு வீடியோவில் விசாரணை. அதிகாரி கேட்டது ஒன்றுதான்: தேங்கும் அளவு மேடையைத் தாண்டினால்? தாண்டுமளவு உருகுவதற்குள் பிள்ளைகள் தின்றுவிடுவார்கள் என்று நான் வாயெடுப்பதற்குள் ஏஜென்ட் குழியின் கொள்ளளவைச் சொல்லிவிட்டார். 15 நாளுக்குள் எழுத்துப்பூர்வமாகவும் கொடுத்தோம். கிடைத்தது.

20 ஆண்டு உரிமை, மூன்றாம் ஆண்டிலிருந்து புதுப்பிப்புக் கட்டணம் கட்டிவர வேண்டும். யாராவது வெறும் சிலிகோன் கிண்ணம் செய்து விற்றால் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. காதையும் தாராளமாகக் காப்பியடிக்கலாம், உண்மையில் கடையில் அதிகம் பேர் கேட்டு வாங்குவது அந்தக் காதுக்காகத்தான்.

இப்போது குச்சி ஐஸுக்கும் ஒன்று செய்து தரச் சொல்கிறார் மச்சான். தேடிப் பார்த்தேன். எனக்கென்று யாரும் எதையும் விட்டுவைக்கவில்லை, நான் நினைத்த வடிவத்துக்கான உரிமைகளெல்லாம் என்றோ காலாவதி. அடுத்த வாரம் டை வெட்டப் போகிறேன்.