அழாத குழந்தைக்கும் வலிக்கும்: பச்சிளங்குழந்தை ஐசியூ நாட்குறிப்பு

மார்ச் 4, செவ்வாய்
பிழைக்க வழியில்லாத குழந்தைகளை வலியில்லாமல் வழியனுப்புவதற்கான குறிப்புகள் இவை. அழவில்லை, அதனால் வலியில்லை என்று சார்ட்டில் எழுதிவிடுகிறார்கள். 26 வாரத்தில் பிறந்ததற்கு அழத் தெம்பு ஏது? வாயில் மூச்சு டியூப் இருந்தால் சத்தமே வெளியே வராது. முகத்தைத்தான் பார்க்க வேண்டும்: புருவம் நெரியும், கண் இறுக மூடும், மூக்கோரம் மடிப்பு விழும். விரல்கள் விரிந்து விறைக்கும். வலிக்குப் புள்ளி போடும் என்-பாஸ் (N-PASS) அளவுகோலில் 3-ஐத் தாண்டினால் மருந்து கொடுக்க வேண்டும். குறைமாதத்துக்கான கூடுதல் புள்ளியைச் சேர்க்கத்தான் பலரும் மறக்கிறார்கள்.

மார்ச் 6, வியாழன்
வலி மருந்தான மார்ஃபினின் ஆம்பியூலில் (சிறு கண்ணாடிக் குப்பி) மி.லி.க்கு 10 மி.கி.யும் உண்டு, 15-உம் உண்டு. லேபிளைப் படித்துவிட்டு உடைக்கவும். 10 மி.கி. ஆம்பியூல் 1 மி.லி.யை 9 மி.லி. சலைனில் கலந்தால் மி.லி.க்கு 1 மி.கி. அதில் 1 மி.லி. எடுத்து இன்னொரு 9 மி.லி. சலைனில் கலந்தால் மி.லி.க்கு 0.1 மி.கி. கிலோவுக்கு 0.05 மி.கி. வீதம், 1.2 கிலோ குழந்தைக்கு இதில் 0.6 மி.லி. ஐ.வி.யில் மெதுவாக, ஐந்து நிமிடமாவது எடுத்து. இரண்டாவது கலவையை மறந்தால் பத்து மடங்கு போய்விடும். கலப்பவர் ஒருவர், கணக்கைச் சரிபார்ப்பவர் வேறொருவர்.

மிடசோலம் தூங்க வைக்கும் மருந்து, வலி மருந்தே அல்ல. குழந்தை அடங்கிக் கிடக்கும், வலி அப்படியே இருக்கும். குறைமாதக் குழந்தைக்குக் கைகால் வெட்டி இழுக்கவும் செய்யும்.

மார்ச் 7, வெள்ளி
ஐ.வி. லைன் போய்விட்டால் திரும்பக் குத்த வேண்டாம். மார்ஃபினைக் கன்னத்துக்குள் விடலாம், இன்னொரு வலி மருந்தான ஃபென்டனிலை மூக்கில். சர்க்கரைக் கரைசல் ஊசி குத்தும் நேரத்துக்கு மட்டும்.

மார்ச் 11, செவ்வாய்
இனிப் பிழைக்காது என்று முடிவாகி மூச்சு டியூபை எடுக்கும் நாளில் வரிசை மாறக்கூடாது. தசை தளர்த்தும் மருந்து ஓடினால் நிறுத்தி, அதன் பிடி விடும்வரை காத்திருக்கவும். அது இருக்கும்வரை முகம் எதையும் காட்டாது. பிறகு மார்ஃபின். அது வேலை செய்யப் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, முகத்தைப் பார்த்த பின்தான் பிளாஸ்டரில் கை வைக்க வேண்டும். லிக்விட் பாரஃபினை ஓரத்தில் தடவி ஊற விட்டு, தோலை ஒட்டியே பின்னோக்கி மடித்து உரிக்கவும். மேலே தூக்கி இழுத்தால் தோலும் கூட வரும். மானிட்டர் திரையை அணைத்துவிடலாம். சக்‌ஷன் (சளி உறிஞ்சுவது) வாயின் முன்பக்கத்தில் மட்டும். தொப்பி போட்டு, அம்மாவின் நெஞ்சோடு, மேலே சூடான துணி.

இடைவெளி விட்டு வரும் திணறல் மூச்சைப் பற்றிப் பெற்றோரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். பார்த்த பிறகு சொன்னால் காதில் ஏறாது. அது மூளைத்தண்டின் அனிச்சை. முகம் தளர்ந்திருந்தால், திணறலை நிறுத்துவதற்கென்று மார்ஃபினைக் கூட்டுவதில்லை. புருவம் நெரிந்தால் கூட்டலாம்.

மார்ச் 12, புதன்
சில குழந்தைகள் நிமிடங்களில் போகும், சில நாட்கணக்கில் இருக்கும். அடுத்த டோஸ் சார்ட்டில் எழுதியிருக்கட்டும். நடுராத்திரியில் டாக்டரைத் தேடி ஓட வேண்டியிராது. உதடு காய்ந்தால் பஞ்சில் தாய்ப்பால் நனைத்துத் தடவலாம். அதை அம்மாவே செய்யட்டும்.