வலது பக்க யன்னல் சீற்

எனக்குப் பதின்மூன்று வயதில் வலது கண்ணுக்குக் கீழே நீலமும் சாம்பலும் கலந்த நிழல் ஒன்று படரத் தொடங்கியது. கன்றிப்போன இடம் மாதிரி இருக்கும், ஆனால் ஆறவே ஆறாது. கல்யாணத்துக்குப் பிறகு, "அவர் அடிச்சவரோ?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டவர்கள் உண்டு. நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகள் நேராகவே கேட்பார்கள். இதற்குப் பெயர் ஓட்டா மச்சம். 1939இல் மசாவோ ஓட்டா என்ற ஜப்பானிய மருத்துவர் இதை விவரித்தார். ஆசியர்களிடம், அதிலும் பெண்களிடம், கூடுதலாக வருவது. பெரும்பாலும் ஆபத்தில்லை. ஆனால் கண்ணின் அழுத்தத்தை அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். அதை நான் முப்பது வயது தாண்டித்தான் அறிந்தேன்.

கொழும்பில் ஒரு தனியார் இடத்தில் முதல் லேசர் செய்தேன். மரக்கச் செய்யும் கிறீமைப் பூசி ஒரு மணித்தியாலம் இருத்தினார்கள். கண்ணுக்குள் உலோக மூடி வைத்தார்கள். பிறகு தாளிக்கிற எண்ணெய் தெறித்த மாதிரி ஒவ்வொரு புள்ளியாகச் சுட்டது, முடி கருகும் மணம் வந்தது. 1064 நனோமீற்றர் அலைநீளமுள்ள என்.டி. யாக் லேசர் அது. மேல்தோலின் நிறத்தில் அதிகம் சிக்காமல் ஆழத்துக்குப் போவதால் எங்களைப் போன்ற மாநிறத் தோலுக்குப் பாதுகாப்பானது என்றார்கள். அது சரிதான். வெளிக்கிடும்போது ஆங்கிலத்தில் ஒரு தாள் தந்தார்கள், வெயிலைத் தவிர்க்கும்படி அதில் ஒரு வரி இருந்தது.

வீங்கிய முகத்தோடு இரவு பஸ்ஸில் வர எனக்கு மனமில்லை. அடுத்த நாள் விடியக் கொழும்பில் ஏறி, வலது பக்க யன்னலோரம் இருந்துகொண்டேன். வடக்கே போகிற பஸ்ஸுக்கு வலது பக்கம் கிழக்கு. கிளிநொச்சி வரும்வரை பாதிநாள் வெயில் அந்தக் கன்னத்திலேயே விழுந்தது. நான் பஸ்ஸுக்குள் இருக்கிறேன், கண்ணாடியும் பூட்டியிருக்கிறது, இதிலே வெயில் எங்கே என்று நினைத்தேன்.

பத்தாம் நாள் பொருக்கு உதிர்ந்தது. உள்ளே தோல் வெளிறி வடிவாக இருந்தது. சந்தோசத்தில் அன்றே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். நிழல் மரமே இல்லாத பதினொரு கிலோமீற்றர் தெரு. நாலாம் கிழமை கண்ணாடியில் பார்த்தபோது பழைய நீலத்துக்கு மேல் கோப்பி நிறத்தில் இன்னொரு படை. முன்பைவிடக் கறுப்பு. காசும் போய் முகமும் போய்விட்டது என்று கிணற்றடியில் இருந்து அழுதேன்.

இரண்டாவதாகப் பார்த்த டொக்டர்தான் விளங்கப்படுத்தினார். வெள்ளைத் தோல் அடிபட்டால் சிவக்கும். எங்கள் தோல் அடிபட்டால் நிறத்தைக் கொட்டும். லேசரின் சூடே ஒரு காயம்தான். அந்த நேரம் நிறம் உண்டாக்கும் கலங்கள் உசாராக நிற்கும். அதற்கு மேல் வெளிச்சமும் பட்டால் தாராளமாகக் கொட்டிவிடும். வெயிலில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் இரண்டு வகை: எரிக்கிற யூ.வி.பி.யைக் கண்ணாடி மறிக்கும், தோலைக் கறுக்க வைக்கிற யூ.வி.ஏ.யில் பெரும்பகுதியை விட்டுவிடும். கண்ணுக்குத் தெரிகிற சாதாரண வெளிச்சம்கூட மாநிறத் தோலைக் கறுக்க வைக்கும். "கறுப்புத் தோலை வெயில் என்ன செய்யும்?" என்று எங்கள் ஊரில் எல்லாரும் சொல்வோம். எரிவு குறைவுதான், ஆனால் கறை நின்றுவிடும்.

அந்தக் கறை மங்க ஐந்து மாதம் எடுத்தது. இடையில் பக்கத்து வீட்டு மாமி, "பிள்ளை, மஞ்சளும் தேசிப்புளியும் குழைச்சுப் பூசு, ஒரு கிழமையில போயிடும்" என்றார். அன்பில் சொன்னார்தான். ஆனால் தேசிப்புளி பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்பளித்துக் கறுக்கும். மாமிக்கும் இதைச் சொல்லித்தான் விட்டேன். கடைகளில் விற்கிற, என்ன சேர்த்தது என்று எழுதாத வெள்ளையாக்கும் கிறீம்கள் இன்னும் மோசம். பாதரசமோ ஸ்டீரொயிட்டோ இருக்கக்கூடும். தயவுசெய்து தொடாதீர்கள்.

அடுத்த லேசருக்கு ஒரு மாதம் முதலே சன்ஸ்கிரீன் தொடங்கச் சொன்னார் டொக்டர். எரிவைத் தடுக்கும் அளவைக் காட்டும் எஸ்.பி.எஃப். 50, கூடவே யூ.வி.ஏ.யையும் மறிக்கும் என்று காட்டும் பி.ஏ. அடையாளம் உள்ளது. முதலில் வாங்கியது முகத்தில் சாம்பல் அப்பின மாதிரி நின்றது. பிறகு இரும்பு ஒக்சைட் சேர்ந்த மண்ணிறக் கிறீம் வாங்கினேன். அது எங்கள் நிறத்தோடு சேரும், சாதாரண வெளிச்சத்தையும் ஓரளவு மறிக்கும். அளவில்தான் நான் முதலில் பிழைவிட்டேன். பயற்றங்காய்ப் பருமனில் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்க வேண்டும், முகத்துக்கும் கழுத்துக்கும். ஒரு சின்ன ரியூப் மூன்று கிழமைகூட வராது. விலை நெஞ்சைச் சுடும். இருந்தாலும் கால்வாசி பூசினால் பாதுகாப்பும் வெகுவாகக் குறைந்துவிடும்.

காலையில் ஒருக்கால், இடைவேளைக்கு ஒருக்கால், வீடு திரும்ப முதல் ஒருக்கால். வியர்வையை உரஞ்சித் துடைக்கக் கூடாது, பருத்தித் துணியால் ஒற்றி எடுத்துவிட்டுத்தான் மேலே பூச வேண்டும். ரியூப்பை ஸ்கூட்டிப் பெட்டிக்குள் விட்டுவிட்டு ஒருநாள் எடுத்தால் எண்ணெய் வேறு தண்ணீர் வேறாகப் பிரிந்து கிடந்தது, எறிந்துவிட்டேன். இப்போது கைப்பையில்.

லேசர் செய்த முதல் கிழமை சன்ஸ்கிரீனும் இல்லை. பொருக்கு விழும்வரை வஸ்லீன் மட்டும், மற்றபடி வீட்டுக்குள் நிழல். ஹெல்மெட் உரசும் என்று ஸ்கூட்டியும் இல்லை. அதனால்தான் இரண்டாவதை மார்கழி விடுமுறையில் வைத்தேன். வாடைக்காற்றும் மழை மூட்டமும் உள்ள காலம், பள்ளிக்கூடமும் இல்லை. மூட்டம் என்றாலும் கதிர் வரும், ஆனாலும் சித்திரையோடு ஒப்பிட முடியாது. சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி வன்னிக்கு நேர் உச்சியில் சூரியன் வரும், ஆவணியில் திரும்பவும் வரும். அந்த நாட்களில் மத்தியானம் என் நிழல் செருப்புக்குள் ஒளிந்துவிடும். நிழல் எங்களைவிடக் கட்டையாக இருந்தால் வெளியே நிற்கக் கூடாது என்று என் நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். விளையாட்டுப் போட்டிக்காலத்தில் அவர்களே ஓடிவந்து, "ரீச்சர், உங்கட நிழல் கட்டையாப் போச்சு" என்பார்கள். அகன்ற விளிம்புள்ள பனையோலைத் தொப்பியோடு நான் வேம்புக்குக் கீழே போய்விடுவேன். முல்லைத்தீவுக் கடற்கரையில் தொப்பி மட்டும் போதாது. மணல் கீழிருந்து வெளிச்சத்தை வீசும்.

மாதம் ஒருமுறை, காலை எட்டு மணிக்கு, குசினி வாசலில் நின்று தம்பி எடுக்கிற படங்களை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்க்கிறேன். மூன்று முறை லேசர் முடிந்திருக்கிறது. மை கொட்டிய மாதிரி இருந்த இடம் இப்போது நித்திரை முழித்த கண்ணின் கருவளையம் அளவுக்கு வந்திருக்கிறது. கோப்பிக் கறை திரும்பவில்லை. இன்னும் இரண்டு முறை செய்ய வேண்டியிருக்கும் என்கிறார் டொக்டர். அடுத்தது வரும் மார்கழியில். திரும்பி வர இரவு பஸ்ஸுக்குச் சொல்லி வைத்துவிட்டேன்.