எந்தக் கட்டியில் சோதித்தீர்கள்?

புற்றுநோய்க்கான நோயெதிர்ப்பு சிகிச்சை ஆய்வகத்தில் என் பொழுது பெரும்பாலும் காலிப்பர் என்ற அளவுக் கருவியும் கையுமாகவே போகும். சுண்டெலியின் விலாப்புறத் தோலுக்கடியில் புற்றணுக்களை ஊசியால் செலுத்தி, கட்டி முளைத்ததும் வாரம் இரண்டு மூன்று முறை அளப்போம். அகலத்தின் வர்க்கத்தை நீளத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் கன அளவு. ஒரே கட்டியை இருவர் அளந்தால் இரண்டு எண் வரும். எந்த எலிக்கு மருந்து போயிருக்கிறது என்பது அளப்பவருக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது.

ஆனால் முடிவைப் பாதி தீர்மானிப்பது அதற்கு முன்பே நடந்துவிடுகிறது: எந்தப் புற்றணுவை எடுப்பது? எம்சி38 என்ற பெருங்குடல் புற்றணுவில் மரபணுப் பிழைகள் ஏராளம். உடலின் நோயெதிர்ப்பு அணுக்களான டி செல்கள் அதை எளிதில் அடையாளம் கண்டுகொள்ளும். டி செல்களுக்கு பிரேக் போடும் பிடி-1 புரதத்தைத் தடுக்கும் மருந்து கொடுத்தால் பல எலிகளில் கட்டி சுருங்கும், சிலவற்றில் மறைந்தே போகும். அதே இன எலியில் பி16 என்ற மெலனோமாவை (ஒரு வகைத் தோல் புற்று) வளர்த்தால், அதே மருந்தை அது பெரும்பாலும் சட்டை செய்யாது. கிராஃப் அழகாக வேண்டுமா, எம்சி38 எடுங்கள் என்று எங்களுக்குள் கிண்டலாகச் சொல்லிக்கொள்வோம். முழுக்கக் கிண்டலும் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்க நோயெதிர்ப்பு ஆய்வாளர் ஜேம்ஸ் அலிசனின் குழு 1996இல், டி செல்களின் இன்னொரு பிரேக்கான சிடிஎல்ஏ-4ஐத் தடுப்பதால் எலிகளின் கட்டிகள் மறைவதைக் காட்டியது. அந்த வழியில் வந்த இபிலிமுமாப் என்ற மருந்து 2011இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, அதுவும் மெலனோமாவுக்கு. எலியின் மெலனோமாவான பி16ஓ அந்த வகைத் தடுப்பு மருந்தைத் தனியாகக் கொடுத்தபோது மசியவில்லை. கூடவே புற்றுக்கு எதிரான தடுப்பூசியும் தேவைப்பட்டது. பி16ஐ மட்டும் நம்பியிருந்தால் அந்த யோசனை அப்போதே குப்பைக்குப் போயிருக்கும்.

அப்புறம் கூண்டு. ஒரே இன எலிகள்தான், ஆனால் இரண்டு நிறுவனங்களிலிருந்து வாங்கியவை. அவற்றில் மெலனோமா வெவ்வேறு வேகத்தில் வளர்ந்ததையும், ஒன்றாக வளர்த்தபோது அந்த வேறுபாடு மறைந்ததையும் 2015இல் சிகாகோ ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். குடலில் வாழும் பிஃபிடோபாக்டீரியம் என்ற பாக்டீரியா அதில் முக்கியப் பங்கு வகித்தது. அதனால் நாங்கள் ஒரே இடத்தில் வாங்குகிறோம்; கூண்டு வாரியாக அல்லாமல் ஒவ்வொரு கூண்டுக்குள்ளும் மருந்துக் குழு, ஒப்பீட்டுக் குழு இரண்டையும் கலந்து வைக்கிறோம்.

எனக்கு அதிகம் உறுத்துவது பக்கவிளைவுதான். நோயாளிகளுக்குக் குடல் அழற்சி, தைராய்டு கோளாறு எல்லாம் வருகின்றன. எங்கள் எலிகளோ இளசு, நோய்க்கிருமி அண்டாத அறையில் வளர்ந்தவை, சில வாரங்களிலேயே பரிசோதனை முடிந்துவிடும். அவற்றுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. 'மருந்தை எலிகள் நன்றாகத் தாங்கின' என்று எழுதும் இடத்தில், என் கை இப்போதெல்லாம் வயதையும் நாட்களையும் சேர்த்தே எழுதுகிறது.