நகோமியின் கசப்பு

பஞ்சத்தால் பெத்லகேமை விட்டு மோவாபுக்குப் பிழைக்கப் போன நகோமி, ஏறக்குறைய 10 ஆண்டுகளில் கணவனையும் இரு மகன்களையும் அங்கேயே பறிகொடுத்துத் திரும்பியபோது, தன்னை மாராள், அதாவது கசப்பானவள், என்று அழைக்கச் சொன்னாள். அந்தக் கசப்பை வேதாகமம் கண்டிக்காமல் அப்படியே பதிவு செய்திருப்பது என்னை இன்றும் நெகிழச் செய்கிறது.

வெளிநாட்டில் உழைக்கும் தந்தையின் முகத்தைக் கைப்பேசித் திரையில் முத்தமிட்டுவிட்டு, அழைப்பு துண்டிக்கப்பட்ட பின்னும் அந்தக் கண்ணாடியைத் தடவிக்கொண்டிருந்த ஒரு குழந்தையை நான் பார்த்திருக்கிறேன். அதன் தாயிடம், விசுவாசக் குறைவால்தான் இந்தப் பாடு என்று சிலர் கூசாமல் சொல்கிறார்கள் (யோபுவின் நண்பர்களும் துன்பத்துக்குப் பாவத்தையே காரணம் காட்டி, இறுதியில் தேவனுடைய கோபத்துக்கு ஆளானார்கள்).

வேதாகமத்தின் உபாகமம் 24-ஆம் அதிகாரமோ, அந்நியனான கூலிக்காரனுக்கும் அன்றைய கூலியைப் பொழுது சாயுமுன்னே கொடுத்துவிடக் கட்டளையிடுகிறது. மாதக்கணக்கில் சம்பளம் நிறுத்திவைக்கப்பட்டவரின் மனைவிக்கு, பொறுமையைப் பற்றிய வசனங்களுக்கு முன்பாக இதை வாசித்துக் காட்டுங்கள்.