பெரிய கம்பெனியிடம் சிக்கிய பில் பாக்கி: கவுன்சில் வழியாக வசூலித்த அனுபவம்

கோவை வட்டாரத்தில் லேத், சிஎன்சி மெஷின்களில் மற்ற கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுக்கும் எங்களைப் போன்றவர்களை வளரவிடாமல் அமுக்குவது ஆர்டர் பஞ்சத்தைவிட பில் பாக்கிதான். பார்ட்டி, அதாவது வேலை கொடுத்த கம்பெனி, எப்போது பணம் தந்தாலும், மாதக் கணக்கு காட்டுபவர் ஜிஎஸ்டியை அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கைக்காசு போட்டுக் கட்டியாக வேண்டும்.

2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இடி (குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டு) சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில் பணம் வர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் உச்சவரம்பு 45 நாள். பிஓவில் (பர்ச்சேஸ் ஆர்டரில்) ‘90 நாள் கிரெடிட்’ என்று அச்சடித்திருந்தால் அது செல்லாது. கெடு தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் ‘பேங்க் ரேட்’ என்ற வட்டி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. 2024இல் பேங்க் ரேட் 6.75 சதவீதம், ஆக வட்டி 20.25. பத்து லட்சம் பாக்கிக்கு முதல் மாத வட்டியே 16,875 ரூபாய்.

இப்படி நிற்கும் பாக்கியை வசூலிக்க, இந்தச் சட்டப்படி மாநில அரசு அமைத்திருக்கும் கவுன்சிலிடம் மனு போடலாம். குறு, சிறு நிறுவனங்களுக்குத்தான் இந்த வழி. வாங்கி விற்கும் வியாபாரிக்கு உத்யம் சான்று (குறு, சிறு, நடுத்தர நிறுவனம் என்பதற்கான அரசுப் பதிவு) இருந்தாலும் கிடையாது. உத்யம் பதிவுக்கு முந்தைய பில்களை மனுவில் சேர்த்தால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் அதைத்தான் பிடிப்பார்.

கேஸ் நிற்பதும் விழுவதும் டெலிவரி சலானில். கேட்டில் வாட்ச்மேன் குத்தும் ரப்பர் ஸ்டாம்பில் தேதிச் சக்கரத்தைத் திருப்பாமல் பழைய தேதியே விழுந்திருக்கும். அங்கேயே பார்த்து, பேனாவால் தேதி எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். சரக்கு இறங்கி 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் கருதும். நோட்டீஸ் போன பிறகு ‘ரிஜெக்‌ஷன்’ என்று சரக்கைத் தள்ளிப் பில் தொகையைக் குறைக்கும் டெபிட் நோட் அனுப்புவது பழைய வித்தை. அதை முறிப்பது இந்தத் தேதிதான். மார்ச்சில் நிதியாண்டு முடிந்ததும், சண்டை வருவதற்கு முன்பே, லெட்ஜர் பாக்கிக்கு அவர்களிடம் கையெழுத்து வாங்கி வைப்பது இன்னும் நல்லது.

மனுவுக்கு முன் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு ஒரு கடிதம் போடுங்கள், எம்டிக்கு அல்ல. வருமான வரிச் சட்டப்படி (1961 சட்டத்தில் 43பி(எச்) பிரிவு), கெடுவுக்குள் தராத தொகையைப் பணம் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். 180 நாள் தாண்டினால், நம் பில்லில் உள்ள ஜிஎஸ்டிக்காக அவர்கள் கழித்துக்கொண்ட உள்ளீட்டு வரியையும் திருப்ப வேண்டும். இந்த இரண்டையும் உத்யம் எண்ணோடு பிப்ரவரியிலேயே எழுதினால் பாதி பார்ட்டிகள் அசைவார்கள். ‘உத்யமை கேன்சல் செய்துவிட்டு வா’ என்பவர்களும் உண்டு. அந்த வலையில் விழ வேண்டாம்.

மனு ஆன்லைனில்தான். உத்யம் சான்று, பிஓ, பில், சலான், இ-வே பில் (சரக்கு வண்டியில் போனதற்கான ஜிஎஸ்டி ஆவணம்), லெட்ஜர், பில்வாரி வட்டிக் கணக்கு எல்லாம் பில் எண் வரிசையில் இருக்கட்டும். தொகை ஒரு ரூபாய் இடித்தாலும் கேள்வி வரும். கவுன்சில் முதலில் சமரசம் பேசும், படியாவிட்டால் நடுவர் விசாரணை நடந்து தீர்ப்பு வரும். சட்டத்தில் 90 நாள் என்றிருக்கிறது. நடைமுறையில் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். சமரசத்தில் ‘வட்டியை விடுங்கள், அசலைத் தவணையில் தருகிறோம்’ என்பார்கள். ஒத்துக்கொண்டால் ஒவ்வொரு தவணைத் தேதியும் போட்ட செக்குகளை முன்கூட்டியே வாங்குங்கள். ஒரு தவணை தவறினாலும் வட்டியோடு முழுத்தொகையும் தர வேண்டும் என்று உடன்பாட்டிலேயே எழுத வையுங்கள்.

தீர்ப்பை எதிர்த்து அவர்கள் கோர்ட்டுக்குப் போனால் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதம் டெபாசிட் கட்ட வேண்டும். இறங்கி வருவது பெரும்பாலும் அதற்குப் பயந்துதான். எதிர்க்கவும் இல்லை, தரவும் இல்லை என்றால் சிவில் கோர்ட்டில் நிறைவேற்று மனு போட வேண்டும். அவர்களின் வங்கிக் கணக்கு விவரம் அங்கே கைகொடுக்கும். பழைய செக்குகளை ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.